அரை இஞ்சு

வருவா. வராம எங்க போயிரப் போறா? துணியே வீட்ல இல்ல, கரியப் போட்டு என்னத்தத் தேய்க்கப் போறீங்கத்தன்னு கேக்குற. கேளு, நல்லாக் கேளு. துணி வந்தப்பெறகா இஸ்திரிப் பொட்டியப் பத்தவைப்பாக? தேங்காச் செரட்டக்கரி கனிஞ்சு, மேல சாம்பல் பூத்து, பொட்டியோட அடி முழுக்க ஒரே சூடா ஏறுறதுக்கு அரைமணி நேரம் வேணும் சுகந்தி. அவ வந்து நிக்கிறப்ப அது தயாரா இருக்கணும், அதுக்குத்தான் சூடத்தக் கொளுத்தி உள்ள போட்டேன். இம்புட்டையும் வாய்விட்டே சொன்னேன். மருமக என்னையப் பாத்தா, பின்வாசப்படியில புகைஞ்சுக்கிட்டுக் கெடந்த பொட்டியப் பாத்தா. "கரண்டுப் பொட்டி இருக்குல்லத்த, சுச்சுப் போட்டா ரெண்டு நிமிசம்." கரண்டுப் பொட்டியில சூடு இருக்கு, கனம் இருக்கா? பட்டுல ஊசித் தடத்த மூடுறதுக்குக் கனம் வேணும்டியம்மா. அவ விடல. "ரோசாலியக்கா நேத்து ஒரு வார்த்த பேசாமப் போனாங்க. காலைல வரல, போன் எடுக்கல. மணி மூணரை ஆச்சு. ஆறு மணிக்குப் பொண்ணு வீட்டு வண்டி வாசல்ல வந்து நிக்கும். சொன்னாக் கேளுங்கத்த, நான் வண்டியில டவுனுக்குப் போயி ஒரு ரெடிமேட் ஜாக்கெட் வாங்கியாந்துர்றேன்." ரெடிமேடு! அரக்குப் பட்டுச் சீல, அந்தச் சீலையோடயே சேத்து நெய்த பிட்டுத் துணி, ஒலகத்துல அது ஒண்ணே ஒண்ணு. அத நான் வெட்டி, ரோசாலி தச்சு, நேத்துச் சாயந்தரம் கண்டக்டர் வீட்டுப் பொண்ணு தர்ஷினி போட்டுப் பாத்துச்சு, முன்னாடி கொக்கி மூணு வெரக்கட சேரல. விடிஞ்சா கல்யாணம். அந்த ஜாக்கெட்டத்தான் ரோசாலி எடுத்து ஒயர்க்கூடையில போட்டுக்கிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டுப் போனா. கோவிச்சுக்கிட்டுப் போறவ துணிய ஏன் எடுத்துட்டுப் போறா? அதச் சொல்லு பாப்போம். வருவா.

சுகந்தி உள்ள போயிட்டா, அவளுக்கு அடுப்புல வேல. நான் கட்டிங் டேபிளுக்கு முன்னாடி உக்காந்து வெள்ளச் சட்டைக்குப் பட்டன் வைக்கிறேன். ஊசி உள்ள போகுது, வெளிய வருது, நாலு தடவ, அடியில ரெண்டு சுத்து, ஒரு முடிச்சு, அடுத்த பட்டன். நாப்பத்திரெண்டு சட்ட, சட்டைக்கு ஏழு பட்டன். பக்கத்துத் தெரு பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம், திங்கக்கெழம குடுத்தாகணும். இந்த ஆர்டரப் பிடிச்சது ரோசாலி, இந்தச் சட்டைகளக் கையாலயும் தொடமாட்டேன்னு பத்து நாளா சொன்னது நானு. சாக்குப்பைக்குக் கை ஒட்டுன மாதிரி இருக்கு, இதுக்கெல்லாம் எதுக்குடி கத்திரி, ரம்பத்த வச்சு அறுத்துருன்னேன். அவ மெஷின நிறுத்தாமலே பதில் சொன்னா. "யக்கா, ஆனி பொறந்தா முகூர்த்தம் கொறஞ்சுரும். ஆடியில எந்தப் பொண்ணு உங்களத் தேடி வரும்? பள்ளிக்கூடம் வருசா வருசம் தொறக்கும்." அவ சொன்னதுல தப்பே இல்ல, அதான் எனக்கு ஆத்தரம். தப்பா சொல்லியிருந்தா அப்பவே சிரிச்சு விட்டிருப்பேன். செவத்துல ரெண்டு ஆணி, ரெண்டு காலண்டர். ஒண்ணு என்னோடது, முகூர்த்த நாளெல்லாம் செவப்புல சுழிச்சது. இன்னொண்ணு அவளோட சர்ச் காலண்டர், அதுல ஊதாப் பேனாவுல திங்கக்கெழமயச் சுத்தி வட்டம், வட்டத்துக்குள்ள வட்டம், தாள் கிழியிற அளவுக்கு. பத்து நாளா அவ அவ காலண்டரப் பாத்து வேல செஞ்சா, நான் என் காலண்டரப் பாத்து வேல செஞ்சேன். ஒரே ரூம்பு, ஒரே ஃபேனு. எதுடி மொதல்லன்னு கேக்க எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். ரெண்டு வாயும் நெறைய இருந்துச்சு, ஆனா கேக்கல.

எனக்கு எது மொதல்லன்னா உடம்புல உக்காரணும். தேதி பெறகு. அதுக்குக் காரணம் இருக்கு, சொல்லிர்றேன். என் கல்யாணத்துக்கு என் ஜாக்கெட்டத் தச்சவன் எங்க சித்தப்பாவுக்குச் சேக்காளி, பேண்ட் சட்ட தைக்கிறவன், அவனுக்குப் பொம்பள உடம்புல கை எங்க தொடங்கும்னே தெரியாது. மாலை மாத்துங்கன்னு சொல்றாக, மாப்பிள்ள அஞ்சே முக்கா அடி, எனக்குக் கை தோளுக்கு மேல ஏறல. கக்கத்துல பிடிக்குது. தூக்குனா டர்ருங்கும். நான் நிக்கிறேன் மாலையப் பிடிச்சுக்கிட்டு, நாதஸ்வரக்காரரு ஊதிக்கிட்டே என்னையப் பாக்குறாரு. கடைசில அவுகதான், செத்துப்போன மகராசன், குனிஞ்சாக. கூட்டம் முழுக்க ஓன்னு சிரிச்சது, மாப்பிள்ள இப்பவே குனிஞ்சுட்டாருன்னு. போட்டோவுல அந்தக் குனிஞ்ச தலதான் இருக்கு, மொகம் இல்ல. அன்னையிலருந்து எனக்கு எந்தப் பொண்ணப் பாத்தாலும் கை தூக்குனா கக்கம் பிடிக்குமான்னுதான் கண்ணு போகும். நடந்து வர்றப்பவே தெரிஞ்சுரும், இடது தோள் எறக்கம், வலது பக்கம் சதை கூட, முதுகு கொஞ்சம் வளைவு. டேப்பு சும்மா ஒரு மரியாதைக்கு. பி.டி. டீச்சரு ஒருத்தவுக பத்து வருசத்துக்கு முந்தின அளவு ஜாக்கெட்டக் கொண்டாந்து, இதே அளவுல தைங்கன்னு ஒத்தக் கால்ல நின்னாக. சரிங்க டீச்சர்னு வாங்கி ஓரமா வச்சுட்டு, ஆளப் பாத்து நாலு இஞ்சு கூட்டி வெட்டுனேன். போட்டுப் பாத்துட்டு, "பாத்தீங்களாக்கா, நான் கொஞ்சங்கூட மாறல"ங்கிறாக. மெஷினுக்குப் பின்னாடி ரோசாலி வாயில நூல வச்சுக்கிட்டுச் சிரிக்க முடியாமத் தவிக்கிறா. அவளுக்கு எதிர்ல நிக்கிறவுக உடம்பு தெரியாது. தெரிய வேண்டியதும் இல்ல, அவ தலையத் தூக்குனாத்தான. ஆனா அவ தையல் இருக்கே, நூல் பிடிச்ச மாதிரிப் போகும். நான் அந்த மெஷின்ல உக்காந்தா அது ஆத்தங்கர ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். செவ்வாயா பொதனான்னு எனக்குத் தெரியாது, அவளுக்கு அடுத்த மாசம் பதினேழாம் தேதி என்ன கெழமன்னு இப்பத் தெரியும். அவளுக்குத் தேதிதான் மொதல்ல. அதுக்கும் காரணம் இருக்கு, ஒரே ஒரு தடவதான் சொன்னா. ஒம்போது வயசுல, சர்ச்சுல மொதமொதல்ல அப்பம் வாங்குற புதுநன்மைக்கு வெள்ளக் கவுன் தைக்கக் குடுத்திருக்காக. டெய்லரு இந்தா அந்தான்னு இழுத்து அன்னைக்குக் காலைல கடையவே தொறக்கல. வெள்ளையா நின்ன வரிசையில இவ ஒருத்தி மட்டும் பச்சப் பாவாடையில நின்னிருக்கா. சொல்லிட்டு உடனே பட்டன் காஜா எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சுட்டா. நானும் என் மாலைக் கதையச் சொன்னேன், அவ சிரிச்சா, நானும் அவ கவுனுக்குச் சிரிச்சேன்னு வைங்க. சிரிச்சோமே ஒழிய, அந்தப் பச்சப் பாவாடதான் அந்த ஊதா வட்டம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒறைக்கல. இப்ப, இந்தா, பதினோராவது சட்டையோட மூணாவது பட்டன்ல ஒறைக்குது.

புகை நின்னுருச்சா? வாசம் மாறுது. மொதல்ல சூட வாசம், அப்புறம் பச்சக் கரி வாசம், இப்ப ஒண்ணுமே இல்லாத ஒரு வாசம், அதான் கனியிற வாசம். இன்னும் கொஞ்ச நேரம் நல்லா நிக்கும், அதுக்கப்பறம் சாம்பலாப் போயிரும். திரும்பப் போட செரட்டக்கரி இல்ல, இருந்த கடைசிக் கையையும் அள்ளிப் போட்டுட்டேன். வருவான்னு நம்பித்தான் போட்டேன். நம்பிக்கைதான் இருக்கே, அப்புறம் ஏன் இந்தக் காது ஒவ்வொரு ஆட்டோவுக்கும் நீளுது? நேத்து நடந்தத ஒரு தடவ நேரா நெனச்சுப் பாத்துருவோம். தர்ஷினி அழல. அழுதிருந்தாத் தேவல. கண்ணாடியில தன்னையவே பாத்துக்கிட்டு, "நான் வெயிட் போட்டுட்டேனாம்மா?"ன்னு கேட்டுச்சு. கல்யாணப் பொண்ணு கேக்குற கேள்வியா அது? கண்டக்டர் வீட்டம்மா சத்தம் போடல. "நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேங்கா, மண்டபத்துக்குப் போற வழியில வாங்கிக்கிர்றோம்"னு மட்டும் சொல்லிட்டு மகளக் கூட்டிக்கிட்டுப் போனாக. அவுக தெரு முக்குத் திரும்புற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே நின்னோம். அப்புறம் நான் ஜாக்கெட்ட உள்பக்கமாப் பெரட்டிப் பாத்தா, பக்கத் தையல் சாக்பீஸ் கோட்டுக்கு அரை இஞ்சு உள்ள தள்ளிப் போயிருக்கு. ஒரு பக்கம் அரை இஞ்சுன்னா முன்னும் பின்னும் சேந்து ஒண்ணு, ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு இஞ்சு. ஏன்டி உள்ள பிடிச்சுத் தச்சன்னேன். "நீங்க எப்பவும் பெருசால்ல வெட்டுவீங்க. அரை இஞ்சு கூட இருக்கும். அதான் எப்பவும் போலப் பிடிச்சுத் தச்சேன்"னா. நான் ஏன்டி பெருசா வெட்டுறேன்? நீ பிடிச்சுத் தைப்பங்கிறதுக்காக வெட்டுறேன்! "நீங்க பெருசா வெட்டுறதுனாலதானக்கா நான் பிடிக்கிறேன்!" நீ பிடிக்கிறதுனாலதான்டி நான் பெருசா வெட்டுறேன்! சொல்லிட்டு நான் நின்னுட்டேன். அவளும் நின்னுட்டா. பத்தொம்பது வருசம். எத்தன ஆயிரம் ஜாக்கெட்டு. ஒவ்வொண்ணுலயும் நான் அரை இஞ்சு கூட்டியிருக்கேன், அவ அரை இஞ்சு கொறச்சிருக்கா. அவளுக்கு ஒரு கொறைன்னு நெனச்சு நான் மூடி மறைச்சிருக்கேன், எனக்கு ஒரு கொறைன்னு நெனச்சு அவ மூடி மறைச்சிருக்கா. ஊரே எங்க ஜாக்கெட்டு மாதிரி உண்டான்னு சொல்லுச்சு. நெலப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்த சுகந்தி குபீர்னு சிரிச்சுட்டா. கெட்ட எண்ணம் இல்ல அவளுக்கு, யாரு கேட்டாலும் சிரிக்கத்தான் செய்வாக. ஆனா அந்தச் சிரிப்பு ரோசாலி மொகத்துல விழுந்த விதம். ஜாக்கெட்ட மடிச்சா, ஒயர்க்கூடையில வச்சா, போனா.

சரி, இந்தத் தடவ மட்டும் நான் ஏன் கூட்டி வெட்டல? துணி பத்தல. இப்ப வர்ற பட்டுல பிட்டு எண்பது சென்டிமீட்டர்தான் விடுறான், பொண்ணு முழங்கை வரைக்கும் கை வேணும்னுச்சு, பின்னாடி கழுத்துக்கு மடிப்பு வேணும். பேப்பர வச்சு நாலு விதமாத் திருப்பிப் பாத்தேன், அரை இஞ்சு எங்கயும் ஒளிஞ்சுக்கிட்டு இல்ல. அளவுக்கே வெட்டுனேன். முப்பத்தாறுன்னா முப்பத்தாறு. அத அவகிட்டச் சொல்லியிருக்கணும். இந்தாடி, இது கூட இல்ல, பாத்துப் பிடின்னு ஒரு வரி. சொல்ல வாயத் தொறந்தேன், அந்த நேரம் பாத்து அவ யூனிபார்ம் காலரத் தச்சுக்கிட்டு இருக்கா, என் முகூர்த்த ஜாக்கெட்டு எட்டு அப்படியே கெடக்கு. எனக்குச் சுருக்குன்னுச்சு. வெட்டுன துணிய அவ மெஷின் மேல பொத்துன்னு போட்டுட்டு வந்துட்டேன். பேசல. அம்புட்டுத்தான். பொத்துன்னு போட்ட அந்தச் சத்தத்துக்குள்ள ஒரு வரி போயிருச்சு. அப்ப தப்பு என்னோடதா? இல்ல, அவ டேப்ப வச்சு ஒரு தடவ பாத்திருக்கலாம்ல. பத்தொம்பது வருசம் பாக்காதவ அன்னைக்கு ஏன் பாக்கப் போறா? இல்ல, நான் வெட்டுனதே முப்பத்தாறு இல்லையோ? ஆத்தாடி. இதுதான் நேத்து ராத்திரியெல்லாம் முள்ளு மாதிரி ஒரு எடத்துல குத்திக்கிட்டே கெடந்தது. என் இடது கண்ணுல புரை. டாக்டரம்மா ஆடிக்குள்ள ஆபரேஷன் செஞ்சுக்கங்கன்னுட்டாக. டேப்புல ஆறும் எட்டும் ஒரே புகை மாதிரித் தெரியுது சில நேரம். இத சுகந்திகிட்டக்கூடச் சொல்லல, ரோசாலிகிட்டச் சொல்லவே இல்ல. வெட்டுறவ கண்ணு தெரியலன்னா அப்புறம் என்ன கடை? காலைல எந்திரிச்ச ஒடனே துணி மேல வச்சு வெட்டுன பேப்பரளவ எடுத்து வெளிச்சத்துல வச்சு, டேப்ப வச்சு, அப்புறம் அந்த டேப்பையும் நம்பாம மர ஸ்கேல வச்சுப் பாத்தேன். முப்பத்தாறு. மூணு தடவையும் முப்பத்தாறு. கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது. அப்ப என் வெட்டுல பழுதில்ல. அவ தையல்லயும் பழுதில்ல. ரெண்டும் சரியா இருந்து ஜாக்கெட்டு மட்டும் தப்பாப் போச்சு, எப்படி இருக்கு பாரு கத!

நூலு தீந்துபோச்சு. ஊசியக் குத்தி வைக்கிற பஞ்சுத் திண்டப் பாக்குறேன், ஒரே ஒரு ஊசி நூலோட நிக்குது. அடி ரோசாலி. தினமும் காலைல வந்து உக்காந்த ஒடனே அவ பத்து ஊசியில நூல் கோத்து இந்தத் திண்டுல குத்தி என் பக்கம் தள்ளி வைப்பா. எப்ப ஆரம்பிச்சா? பொங்கலுக்கு முன்னாடியா? அதுக்கு முன்னாடி நான்தான கோத்துக்கிட்டு இருந்தேன். ஒருநாள் ஊசிக் காதுல நூல் போகல, போகல, எச்சில் தொட்டுத் தொட்டு நுனியெல்லாம் பிசிறு, நான் ஏதோ பாட்ட முணுமுணுத்துக்கிட்டு ஒண்ணுமில்லாத மாதிரிக் காட்டிக்கிட்டேன். மறுநாள்லருந்து பத்து ஊசி. ஏன்னு நான் கேக்கல, ஏன்னு அவ சொல்லல. நான் என்னமோ மரியாதைக்குச் செய்யிறான்னு நெனச்சு உக்காந்திருக்கேன் கூமுட்ட மாதிரி. அவளுக்குத் தெரியும். புரைன்னு பேரு தெரியாட்டியும் தெரியும். நேத்துக் காலைல கோத்ததுல மிச்சம் எட்டு இருந்துச்சு, ஏழ இந்தச் சட்டைகளுக்கே தீத்துட்டேன். இது கடைசி. இன்னும் ரெண்டு சட்டைக்கு வரும். அதுக்கப்பறம் சுகந்தியக் கூப்பிட்டு கோத்துக்குடுன்னு சொல்லணும், சொன்னா, ஏன்த்த கண்ணு தெரியலையாம்பா. "அத்த, மணி நாலேகால்!" அங்கிருந்தே குரல் குடுக்குறா. "பொட்டி வீணா எரியுது!" எரியட்டும்டி. "அவங்க பாபின் கேஸு மெஷின்லயே இருக்கு பாருங்கத்த, அத எடுக்கக்கூட வரமாட்டாங்க போல." இருக்குல்ல? அதான். தையல்காரி தன் அடிநூலு உக்காருற பாபின் கேஸ விட்டுட்டுப் போகமாட்டா, கழுத்துச் சங்கிலிய விட்டாலும் விடுவா. "அவங்க வீட்ல வேற மெஷின் இருக்குல்லத்த." இருக்கு. ஆமா, இருக்கு. இந்தச் சுகந்தி ஒருத்தி, நல்லா நிமுந்து உக்காந்தா ஒடனே முதுகுல ஒரு தட்டு.

இருந்தா என்ன. அந்த மெஷின்ல அவ தனியாத் தைக்கலாம், நான் இந்த டேபிள்ல தனியா வெட்டலாம். சுகந்தி போன வாரமே சொல்லிட்டா, டவுன்ல பொட்டிக்னு ஒரு பெரிய தையக்கடையில கட்டிங் மாஸ்டரு வேணுமாம், ஏசி ரூம்பு, நாற்காலி, உக்காந்து வெட்டுனாப் போதும்னு. அங்க யாரு எனக்குப் பத்து ஊசி கோப்பா? அங்க போயி நான் முப்பத்தாறுன்னு வெட்டுனா அத எவளோ முகம் தெரியாதவ அளவுக்கே தைப்பா, எல்லாம் சரியா இருக்கும், யாரும் யாருக்காகவும் அரை இஞ்சு நகரமாட்டாக. தூ. சரி, மொதல்ல அரை இஞ்சு நகந்தது யாரு? இத விட்டுட்டு வேற எங்க சுத்துனாலும் புத்தி இங்கதான் வந்து மாட்டுது, கொக்கியில நூல் மாட்டுற மாதிரி. அவ பிடிச்சதுனால நான் கூட்டுனேனா, நான் கூட்டுனதுனால அவ பிடிச்சாளா? மொத நாள் என்ன நடந்துச்சு? மொத ஜாக்கெட்டு எது? வெள்ள. வெள்ளைதான். ஆசுபத்திரி நர்சம்மா ஒருத்தவுகளுக்கு வெள்ள பாப்ளின், ரெண்டு ஜாக்கெட்டு. ரோசாலி அன்னைக்குத்தான் வர்றா, ஊதாச் சீல, கையில இதே மாதிரி ஒரு ஒயர்க்கூட, மெஷினத் தொட்டுக் கும்பிட்டு நெத்தியில சிலுவ போட்டுட்டு உக்காந்தா. நான் டேபிள்ல துணிய விரிச்சு, மார்க் பண்ணி, கத்திரிய வைக்கப் போறேன். முப்பத்திநாலு. வைக்கப் போறப்ப ஓரக்கண்ணால அவளப் பாத்தேன். புதுக் கை. எவளோ. எப்படித் தைப்பாளோ, பிடிச்சு இழுத்து இறுக்கிட்டான்னா? சாக்பீஸ எடுத்தேன். கோட்டுக்கு வெளிய இன்னொரு கோடு. அரை இஞ்சு. அவ ஒரு தையல்கூடப் போடல அப்ப. நூலக்கூடக் கோக்கல. நாந்தான். அட, நாந்தான்! அவ தையலப் பாத்து நான் கூட்டல, தைக்கிறதுக்கு முன்னாடியே கூட்டிட்டேன். நம்பாமக் கூட்டுனேன். அந்த நம்பாத அரை இஞ்ச அவ வாய் தொறக்காம மடிச்சு உள்ள வச்சுத் தச்சா, பத்தொம்பது வருசம். இதக் கண்டுபிடிச்சதும் நியாயத்துக்கு எனக்கு வெக்கமா இருந்திருக்கணும். இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா பாருங்க, முதுகுல ஒரு பாரம் எறங்குன மாதிரியும் இருந்துச்சு. தொடக்கம் எங்கன்னு தெரிஞ்சா பிரிச்சுறலாம்ல. எந்தத் தையலையும் மொத முடிச்சப் பிடிச்சுத்தான பிரிக்கணும். எந்திரிச்சுப் போயி பென்சில எடுத்து என் காலண்டர்ல திங்கக்கெழமைக்கு நேரா 'சட்ட 42'ன்னு எழுதுனேன். செவப்புச் சுழிகளுக்கு நடுவுல அது கோணலாத்தான் நின்னுச்சு. இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் கல்யாணம். நாளைக்குக் காலைலருந்து பள்ளிக்கூடம், நான் பட்டன், அவ காலரு. மிச்ச ஏழு ஜாக்கெட்டு செவ்வாக்கெழமைக்கு மேல. ரெண்டு வரி. இதுக்குப் பத்து நாள்.

இருபதாவது சட்டையோட கடைசிப் பட்டன். நூல் முடியப் போகுது, ஊசி கிட்டக்க வந்துருச்சு, முடிச்சுப் போடவே எடமில்ல. பொட்டி பின்னாடி டிக்கு டிக்குன்னு சிணுங்குது, கரி ஒடையிற சத்தம். அரை மணி நேரம் தாண்டிருச்சு. ஒரு ஆட்டோ, நிக்காமப் போயிருச்சு. ஒரு செருப்பு, அது தேய்ஞ்ச குதி இல்ல, ரோசாலி செருப்பு இடது குதி தேய்ஞ்சு சர்ர்-டப்புன்னு கேக்கும். இன்னொரு செருப்பு. சர்ர். டப்பு. சர்ர். டப்பு. நான் தலையத் தூக்கல. தூக்குனா காத்துக்கிட்டு இருந்தேன்னு தெரிஞ்சுரும், ஊசியவே பாத்துக்கிட்டு இருந்தேன், ஊசி தெரியவும் இல்ல. வாசல்ல நெழல் விழுந்துச்சு, டேபிள் மேல ஒயர்க்கூட வந்து உக்காந்துச்சு. "பெரியாஸ்பத்திரிகிட்ட பஸ்ஸு நின்னுருச்சு, அங்கருந்து நடந்து வர்றேன்"னா, யாருகிட்டயோ சொல்ற மாதிரி. போன் எடுக்கத் தெரியாதாடின்னேன். "கையில பிளேடு இருந்துச்சு. பட்டு. ஒரு நூல் மாறி அறுத்தா முடிஞ்சுச்சு. விடிஞ்சதுலருந்து ஒவ்வொரு தையலாப் பிரிச்சேன்"னு அரக்கு ஜாக்கெட்ட எடுத்து விரிச்சா. ரெண்டு பக்கமும் பிரிச்சு, நூல் துணுக்கெல்லாம் பொறுக்கி எடுத்து, புதுசா கையால இழையோட்டி வச்சிருக்கா. பழைய தையல் எடத்துல வரிசையா ஊசித் தடம், எறும்பு போன மாதிரி. அப்பத்தான் அவ டேபிள்ல அடுக்கியிருந்த வெள்ளச் சட்டைகளப் பாத்தா. ஒண்ண எடுத்து, பட்டன இழுத்துப் பாத்தா, விடல. இன்னொண்ண எடுத்து இழுத்துப் பாத்தா. "யாரு வச்சது?" பேய் வச்சுச்சு. "இருபதா?" இருபது. அவ கண்ணு என் காலண்டருக்குப் போச்சு, கோணல் பென்சில் எழுத்த உதட்டசைச்சுப் படிச்சா. சொல்லாம விட்டா மறுபடி பத்தொம்பது வருசம் ஓடிரும்னு எனக்குப் பயம் வந்துருச்சு, நெசமாத்தான். எவ்வளவு விட்டிருக்க, வாயத் தொறந்து சொல்லுன்னேன். "பக்கத்துக்கு அரை இஞ்சு. கையில கால்." நான் வெட்டுனது முப்பத்தாறு, கூட ஒண்ணும் இல்ல, துணி பத்தல. "அத அன்னைக்குச் சொல்லியிருந்தா..." சொல்லல. இப்பச் சொல்றேன். இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் என்னையத் திட்டு. மொதல்ல கூட்டுனது நாந்தான்டி. நர்சம்மா ஜாக்கெட்டு, வெள்ள பாப்ளின், நீ நூல் கோக்குறதுக்கு முந்தியே. அவ ஜாக்கெட்ட விட்டுட்டு என்னைய நிமுந்து பாத்தா. "தெரியும்க்கா." என்ன தெரியும்? "அன்னைக்கே டேப்ப வச்சுப் பாத்தேன். புது எடம், பெரியவுக வெட்டுனது தப்புன்னு எப்படிச் சொல்றது? மடிச்சுத் தச்சுட்டேன். மறுநாளும் பெருசா இருந்துச்சு. சரி, இவுக கைப்பழக்கம்னு விட்டுட்டேன்." பத்தொம்பது வருசமா ஒரு நாள் கேக்கத் தோணலையா ஒனக்கு? "ஒங்களுக்குச் சொல்லத் தோணுச்சா?" இப்பத் தோணுது. இதையும் கேட்டுக்க. எனக்கு இடது கண்ணுல புரைடி. "அதுவும் தெரியும்"னு சொல்லிக்கிட்டே பஞ்சுத் திண்ட இழுத்து மடியில வச்சு, ஊசியில நூல் கோக்க ஆரம்பிச்சுட்டா, ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் வெள்ள வேட்டித் துண்டத் தண்ணியில நனச்சுப் பிழிஞ்சு, டேபிள் மேல விரிச்சு, அரக்குப் பட்டப் போட்டு, எறும்பு வரிசைய நகத்தால ஒவ்வொண்ணா நீவி விட்டேன், இழை ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நெருங்கி வருது, வரும், பட்டு அப்படித்தான், சூடும் கனமும் சேந்து விழுந்தா தடம் போயிரும். மணி நாலு அம்பது. தேய்ச்சு முடிச்சு, அவ மெஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டணும். போதும். தாராளமாப் போதும். ஏய் சுகந்தி! அங்க என்ன மணியப் பாத்துக்கிட்டு நிக்கிற? கைப்பிடியில துணி சுத்திப் பிடி, சாம்பல மட்டும் ஊதிவிட்டுட்டு அந்தப் பொட்டிய உள்ள கொண்டா!